கருவிப் பலகை ஒளியமைப்பு

கருவிப் பலகை ஒளியமைப்பு என்பது மோட்டார் வண்டிகளில் ஓட்டுநருக்கு முன்னால் அமைந்துள்ள வேகமானி, சுழற்சிமானி, எரிபொருள்மானி, எச்சரிக்கை விளக்குகள் ஆகியவற்றை இரவிலும் பகலிலும் படிக்கத்தக்க வகையில் ஒளியூட்டும் ஏற்பாடு ஆகும். கருவிப் பலகை பேச்சு வழக்கில் டேஷ்போர்டு என்று அழைக்கப்படுகிறது. இதன் வெளிச்சம் குறைந்தால் வேகமானியைப் படிக்க ஓட்டுநர் நெடுநேரம் சாலையிலிருந்து பார்வையை எடுக்க நேரிடும். வெளிச்சம் மிகுந்தால் கண் கூசி, இருண்ட சாலையில் உள்ளவை தெரியாமற் போகும். ஆகவே நல்ல கருவிப் பலகை என்பது மிகுந்த வெளிச்சம் உடையது அன்று. சுற்றுப்புறத்திற்கு ஏற்ப வெளிச்சத்தை மாற்ற இடந்தருவதே ஆகும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பேணுவோரும், இரவில் நெடுந்தொலைவு செல்லும் லாரிகளை இயக்குவோரும் இவ்வெளிச்சத்தை மாற்றியமைப்பதுண்டு. இரண்டிலும் இயற்பியல் ஒன்றே. லாரிகளைப் பொறுத்தவரை, கூடு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் பகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாறு

டேஷ்போர்டு என்னும் சொல் குதிரை வண்டிக் காலத்தைச் சேர்ந்தது. குதிரையின் குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின் மீது தெறிக்காமல் தடுக்க முன்புறம் பொருத்தப்பட்ட பலகையே முதலில் இப்பெயரைப் பெற்றது. மோட்டார் வண்டிகள் வந்தபின் அதே இடத்தில் கருவிகள் பொருத்தப்பட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தொடக்கத்தில் கருவிகளுக்கு மேலே வைத்த ஒரு சிறு விளக்கே போதுமானதாக இருந்தது. பின்னர் ஒவ்வொரு கருவியின் உள்ளேயும் சிறு பல்பு பொருத்தும் முறை வந்தது. 1960ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் பல்பு இல்லாமலே ஒளிரும் மின்னொளிர் தகடுகளைப் பயன்படுத்தியது. 1976இல் காட்சிக்கு வைக்கப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் லகோண்டா, முள் இல்லாத எண்முறைக் கருவிப் பலகையுடன் வந்து வியப்பை ஏற்படுத்தியது. 1984ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவ்ரோலே கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் நீர்மப் படிகத் திரையைக் கொண்டிருந்தது. கடும் வெயிலில் அத்திரையைப் படிப்பது கடினமாயிருந்தது. 1990ஆம் ஆண்டு மாதிரியில் பெரும்பாலான கருவிகளுக்கு மீண்டும் முள் வந்தது. வேகம் மட்டும் எண்ணாகவே காட்டப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இத்துறைக்கு நீண்ட தொடர்பு உண்டு. சென்னையை அடுத்து இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்தது. இதன் மூல வடிவமான பிரித்தானிய டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கியே 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் கார் உருவாக்கப்பட்டது. கோயம்புத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தோன்றிய பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்டு கன்ட்ரோல்ஸ், அதாவது பிரிக்கால், இந்திய வண்டிகளுக்கான கருவிப் பலகைகளைச் செய்யும் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

கண்ணும் வெளிச்சமும்

நேரடி வெயிலில் ஒரு பரப்பின் மீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். முழுநிலவு இரவில் அது கால் லக்ஸ் அளவே. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கருவிப் பலகை படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். எனவே எந்த ஒரு நிலையான வெளிச்ச அளவும் எல்லா நேரத்திற்கும் பொருந்தாது.

விழித்திரையில் கூம்புச் செல்கள், கோல் செல்கள் என இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. கூம்புகள் நிறத்தையும் நுண்விவரத்தையும் காண உதவுகின்றன. கோல்கள் மங்கிய ஒளியில் இயங்குகின்றன. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குச் செல்லும்போது கூம்புகள் பத்து நிமிடங்களுக்குள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். கோல்கள் முழு உணர்திறனை அடைய அரை மணி நேரத்திற்கு மேலாகும். ஆனால் இவ்வாறு பெற்ற உணர்திறனை இழக்கச் சில நொடி வெளிச்சமே போதும்.

கோல் செல்கள் நீலப்பச்சை ஒளிக்கு மிகுந்த உணர்வும் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைந்த உணர்வும் உடையவை. இதனாலேயே போர் விமானங்களிலும் நீர்மூழ்கிக் கப்பல்களிலும் சிவப்பு விளக்குகள் பயன்பட்டன. செருமனியின் பி.எம்.டபிள்யூ கார்களில் பல பத்தாண்டுகள் செம்மஞ்சள் ஒளி இருந்ததற்கும் இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. எனினும் சாலையில் முகப்பு விளக்கின் ஒளி எப்போதும் இருப்பதால் ஓட்டுநரின் கண் முழு இருட்டுக்குப் பழகுவதில்லை. ஆகவே நிறத்தைவிட வெளிச்சத்தின் அளவே முதன்மையானது. நீல ஒளி கண்ணுக்குள் மிகுதியாகச் சிதறுவதாலும், அதைக் கூர்மையாகக் குவிப்பது கடினம் என்பதாலும், சிறு எழுத்துகளுக்கு அது ஏற்றதன்று.

அகவையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். கண்மணி சுருங்குவதாலும் கண்வில்லை மஞ்சளாவதாலும் 60 அகவையுடையவரின் விழித்திரையை அடையும் ஒளி, 20 அகவையுடையவருக்கு அடைவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இளைஞர் ஒருவர் தமக்குச் சரியென வைத்த வெளிச்சம் முதியவருக்குப் போதாமலிருக்கலாம். அதே வேளையில் கண்புரை தொடங்கியவருக்குக் கூச்சமும் கூடுதலாக இருக்கும்.

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. மங்கிய வேகமானியை உற்றுப் பார்க்க ஒரு நொடி கூடுதலாகத் தேவைப்பட்டால், அந்த 22 மீட்டரும் பாராமலே கடந்த தொலைவாகும்.

விளக்கு வகைகள்

இழை விளக்கு: மெல்லிய டங்ஸ்டன் இழை சூடாகி ஒளிர்வது. பழைய கார்களில் ஒரு கருவிக்கு ஏறத்தாழ 1.2 வாட் முதல் 3 வாட் வரையிலான சிறு பல்புகள் உள்ளன. மலிவானது, ஆனால் வெப்பம் மிகுதி.

மின்னொளிர் தகடு: மாறுதிசை மின்னழுத்தத்தில் ஒளிரும் பூச்சு கொண்ட மெல்லிய தகடு. ஒளி சீராகப் பரவும், காலப்போக்கில் மங்கும்.

வெற்றிட ஒளிர்காட்டி: நீலப்பச்சையாக ஒளிரும் எண்களைக் கொண்டது. 1980களின் சப்பானியக் கார்களில் மிகுதியாக இடம்பெற்றது.

நீர்மப் படிகத் திரை: தானாக ஒளிராது, பின்னொளி தேவை. பழைய திரைகளின் பின்னே இழை விளக்குகள் இருந்தன. அவற்றின் வெப்பத்தால் திரையின் முனைவாக்கத் தாள் பழுதாவதுண்டு.

ஒளியுமிழ் இருமுனையம்: எல்.ஈ.டி. எனப்படுவது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருவதால் இன்று பெரும்பாலான கருவிப் பலகைகளில் இதுவே உள்ளது.

வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் முறைகள்

ரியோஸ்டாட் எனப்படும் மாறுமின்தடையமே பழைய முறை. குமிழைத் திருப்பினால் பல்புகளோடு தொடரிணைப்பில் உள்ள கம்பிச் சுருளின் தடை கூடும். பல்புகளுக்குச் செல்லும் மின்னழுத்தம் குறையும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. எனவே மின்னழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறையும். சிறு தடையே பெரிய மாற்றத்தைத் தருவது இதனால்தான்.

துடிப்பு அகல மாற்றம் என்பது பிந்திய முறை. இதில் மின்சாரம் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை இணைக்கப்பட்டுத் துண்டிக்கப்படுகிறது. இணைந்திருக்கும் நேரத்தின் பங்கு கூடினால் வெளிச்சம் கூடும். வேகம் போதுமானதாக இருப்பின் கண்ணுக்கு நடுக்கம் தெரியாது. வெப்ப இழப்பு குறைவு, எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மிகப் பொருத்தமானது. கண்ணின் உணர்வு நேர்விகிதத்தில் அமையாததால், பாதி நேரம் இணைந்திருக்கும் விளக்கு பாதி வெளிச்சமாகத் தோன்றாது. அதைவிடக் கூடுதலாகவே தோன்றும். ஆகவே இரவுக்கு ஏற்ற அளவு பெரும்பாலும் குமிழின் கீழ்ப் பகுதியிலேயே அமையும்.

தானியங்கி முறையில் ஓர் ஒளியுணரி சுற்றுப்புற வெளிச்சத்தை அளந்து காட்சியை மாற்றுகிறது. ஒளியுணரி இல்லாத பல கார்களில், முகப்பு விளக்கை இட்டவுடன் எண்முறைக் காட்சி மங்கும்படி இணைப்பு உள்ளது. பகலில் மழை அல்லது மூடுபனி காரணமாக முகப்பு விளக்கை இடுவோருக்குக் காட்சி படிக்க முடியாதபடி மங்கிவிடுவது இம்முறையின் குறையாகும். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இக்குறையை நீக்க, மங்கலாக்கும் இணைப்பைத் தனி விசையின் வழியே கொண்டுசெல்வர். அவ்விணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டால் இரவில் காட்சி பகல் அளவில் எரிந்து கண்ணைக் கூசச் செய்யும்.

சுவீடனின் சாப் நிறுவனம் 1990களில் வேறொரு வழியை மேற்கொண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் வேகமானி தவிரப் பிற கருவிகள் யாவும் இருண்டுவிடும். கவனிக்க வேண்டிய குறை ஏற்பட்டால் மட்டும் உரிய கருவி ஒளிரும்.

பழைய வண்டிகளில் மங்குவதற்கான காரணங்கள்

கருவிப் பலகை மங்கினால் பல்பை மாற்றுவதே வழக்கம். ஆனால் குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கக்கூடும்.

1. எர்த் இணைப்பு துருப்பிடித்தல். பல்புக்கு 12 வோல்ட்டுக்கு மாறாக 10.8 வோல்ட் மட்டும் கிடைத்தால், மேற்கூறிய கணக்கின்படி ஒளியில் முப்பது விழுக்காடு குறையும்.
2. ரியோஸ்டாட்டின் கம்பிச் சுருளில் ஆக்சைடு படிதல். குமிழைப் பலமுறை இருபுறமும் திருப்பினால் வெளிச்சம் விட்டுவிட்டு வருமாயின் இதுவே காரணம்.
3. இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் பல்பின் உட்புறத்தில் படிந்து கருமையாதல்.
4. கருவியின் உட்சுவரில் ஒளியை எதிரொளிக்கப் பூசப்பட்ட வெள்ளைப் பூச்சு பழுப்பாதல்.
5. நிறம் தரும் பிளாஸ்டிக் வடிகட்டிகள் வெப்பத்தால் கருகுதல். கண்ணாடியின் உட்புறத்தில் தூசி படிதல்.

பழுது நீக்கும் முறை

பேட்டரி இணைப்பைக் கழற்றிய பின்னரே பலகையைக் கழற்ற வேண்டும். கேபிளால் இயங்கும் வேகமானியாயின் கேபிளை முதலில் விடுவிக்க வேண்டும். இழுத்தால் பற்சக்கரம் பழுதாகும். முள்ளையும் எண்தகட்டையும் தொடலாகாது.

முதலில் எர்த் முனைகளையும் பல்பு பிடிப்பான்களையும் சுத்தம் செய்து, பேட்டரியை மீண்டும் இணைத்து, மல்டிமீட்டர் கொண்டு பல்பு எரியும்போதே அதன் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பேட்டரியின் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டால் வழியில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்பது தெரியும். பின்னர் ரியோஸ்டாட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். கருவியின் உட்புறத்திற்கு வெள்ளைப் பூச்சு இட்டு, புதிய பல்புகளைப் பொருத்தியபின் இருட்டில் வைத்துப் பார்த்தல் நன்று. பல வண்டிகளில் இத்துடன் குறை தீர்ந்துவிடும். வெளிச்சத்தைக் கூட்டும் மாற்றம் எதுவும் தேவைப்படாது.

கூடுதல் வாட் பல்பு பொருத்துவது தவறான வழி. பிளாஸ்டிக் பிடிப்பானும் வடிகட்டியும் உருகக்கூடும். பழைய வயர்களும் விசையும் கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்காமற் போகலாம். பல்பு எரியாமற் போவதற்காகப் பெரிய பியூஸ் இடுவது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

எல்.ஈ.டி. மாற்றத்தில் கவனிக்க வேண்டியவை

இழை விளக்கை எடுத்துவிட்டு எல்.ஈ.டி. பொருத்துவோர் பெரும்பாலும் எதிர்கொள்ளும் சிக்கல், குமிழைத் திருப்பினாலும் வெளிச்சம் குறையாமை ஆகும். இதைக் கணக்கால் விளக்கலாம். 2.2 வாட் கொண்ட ஆறு பல்புகள் 12 வோல்ட்டில் மொத்தம் 1.1 ஆம்பியர் எடுக்கும். 10 ஓம் தடையைத் தொடரில் சேர்த்தால் பல்புகளுக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பாதிக்கும் கீழே சென்று, ஒளி பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். மாறாக, தலா 20 மில்லி ஆம்பியர் எடுக்கும் ஆறு எல்.ஈ.டி. விளக்குகள் மொத்தம் 0.12 ஆம்பியரே எடுக்கும். ஒவ்வொன்றும் 3 வோல்ட் எல்.ஈ.டி. ஒன்றும் 450 ஓம் தடையும் கொண்டதாயின், அதே 10 ஓம் சேர்த்தபின் மின்னோட்டம் ஏறத்தாழ 0.106 ஆம்பியர் ஆகும். அதாவது ஒளி எட்டில் ஒரு பங்கு மட்டுமே குறையும். கண்ணுக்கு இது தெரிவதே அரிது. எனவே எல்.ஈ.டி. பொருத்துவோர் ரியோஸ்டாட்டுக்கு மாற்றாகத் துடிப்பு அகலக் கட்டுப்படுத்தியையும் பொருத்த வேண்டும். 555 காலக்கணிப்புச் சில்லு ஒன்றும் மாஸ்ஃபெட் ஒன்றும் கொண்டு மாணவர்களும் இதனை அமைக்கலாம்.

மேலும் சில இடர்கள் உள்ளன.

மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு: பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் மின்னாக்கத்தைத் தொடங்கத் தேவையான சிறு மின்னோட்டம் இப்பல்பின் வழியாகவே செல்கிறது. இதை எல்.ஈ.டி.யாக மாற்றினால் அம்மின்னோட்டம் போதாமல் பேட்டரிக்கு மின்னேற்றம் நிகழாமற் போகலாம். இப்பல்பை மாற்றாமல் விடுதல் நன்று.

திசைகாட்டி விளக்கு: சில கார்களில் இடம், வலம் இரண்டுக்கும் ஒரே பல்பு உண்டு. மின்னோட்டம் ஒரு திருப்பத்தில் ஒரு திசையிலும் மறு திருப்பத்தில் எதிர்த் திசையிலும் பாயும். எல்.ஈ.டி. ஒரு திசையில் மட்டுமே எரியும்.

முனைகள்: 1960களின் பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இணைக்கப்பட்டிருந்தது. அவற்றில் எல்.ஈ.டி.யை முனை மாற்றிப் பொருத்த வேண்டும்.

மின்னழுத்தம்: 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் அளவும், 24 வோல்ட் வண்டியில் 28 வோல்ட் அளவும் இருக்கும். தடையைக் கணக்கிடுகையில் இவ்வுயர்ந்த அளவையே கொள்ள வேண்டும்.

நிறம்: பச்சை அல்லது நீல வடிகட்டியின் பின்னே வெள்ளை எல்.ஈ.டி. வைத்தால் நிறம் மாறித் தோன்றலாம். சிவப்பு எச்சரிக்கை விளக்கிற்குச் சிவப்பு எல்.ஈ.டி. பொருத்தினால் எச்சரிக்கை தெளிவாகத் தெரியும்.

சேலம், நாமக்கல் பகுதி லாரிகளில்

நாமக்கல் மாவட்டம் 1997 ஜனவரி 1 முதல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக இயங்குகிறது. லாரிகளுக்குக் கூடு கட்டும் தொழில், எரிவாயு டேங்கர் போக்குவரத்து, முட்டை உற்பத்தி ஆகியவற்றுக்கு நாமக்கல் பெயர்பெற்றது. அருகிலுள்ள திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும், சேலம் மாவட்டத்துச் சங்ககிரி லாரித் தொழிலுக்கும் அறியப்பட்டவை. இப்பகுதி வண்டிகள் பல மாநிலங்களைக் கடந்து இரவு முழுதும் ஓடுபவை.

முன்னர் பெரும்பாலான லாரிகள் கேபின் இல்லாத சேஸிஸாகவே தொழிற்சாலையிலிருந்து வந்தன. எஞ்சின், ஸ்டியரிங் ஆகியவற்றோடு கருவிப் பலகையும் அதில் இருக்கும். கேபினும் பின்புறப் பாடியும் உள்ளூர்ப் பட்டறைகளில் மரத்தாலும் இரும்பாலும் கட்டப்பட்டன. எனவே கருவிப் பலகையை வடிவமைத்தவர் ஒருவர். அதன் முன்னே கண்ணாடியையும், மேலே விளக்குகளையும் அமைத்தவர் மற்றொருவர். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்பது பட்டறைக்காரரின் அனுபவத்தைப் பொறுத்ததாயிற்று.

லாரியின் கருவிப் பலகை மங்குவதற்குத் தூசியும் அதிர்வும் கூடுதல் காரணங்கள். அதிர்வால் பல்பு பிடிப்பான் தளர்ந்து விட்டுவிட்டு எரியும். கனரக லாரிகள் பலவற்றில் 24 வோல்ட் மின்னமைப்பு உள்ளதால், காருக்குரிய 12 வோல்ட் பல்பைப் பொருத்தினால் உடனே எரிந்துபோகும்.

ஆனால் லாரியில் பெரிய இடர் கருவிப் பலகையின் மங்கலன்று. கேபினுக்குள் உள்ள பிற விளக்குகளே. சாமி படத்தைச் சுற்றிய சீரியல் விளக்கு, கூரையில் ஓடும் நிற எல்.ஈ.டி. பட்டை, கைபேசித் திரை ஆகியவற்றின் ஒளி முன்கண்ணாடியில் எதிரொளித்து, வெளியே உள்ள காட்சியின் மீது ஒரு திரைபோலப் படிகிறது. இது திரையிடும் கூச்சம் எனப்படும். சாலையோரம் விளக்கின்றி நிற்கும் வண்டி, மிதிவண்டியில் செல்பவர், சாலையைக் கடக்கும் ஆடுமாடு ஆகியவை பின்னணியோடு மிகக் குறைந்த வேறுபாடே உடையவை. கண்ணாடியில் படியும் சிறு ஒளியும் அவ்வேறுபாட்டை மறைத்துவிடப் போதுமானது. கேபின் வெளிச்சம் மிகும்போது வேகமானி மங்கலாகத் தோன்றும். ஓட்டுநர் அதன் வெளிச்சத்தைக் கூட்டுவார். கண்ணாடியில் எதிரொளிப்பு மேலும் கூடும்.

இதற்கான தீர்வுகள் செலவற்றவை. அலங்கார விளக்குகளுக்குத் தனி விசை வைத்து, வண்டி ஓடும்போது அணைத்தல். படத்தின் விளக்கைக் கண்ணாடியை நோக்காமல் திருப்புதல். கருவிப் பலகையின் மேற்புறத்திற்குப் பளபளப்பற்ற கரிய பூச்சு அல்லது துணி இடுதல். கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்துவைத்தல் ஆகியன அவை. வெளிச்சத்தை நிறுத்துவதற்கு எளிய விதி ஒன்று உண்டு. விளக்கற்ற பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்திச் சில நிமிடங்கள் சென்றபின், வேகமானியை ஒரே பார்வையில் படிக்க முடிகின்ற மிகக் குறைந்த அளவில் குமிழை வைக்க வேண்டும்.

சட்ட நிலை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளரின் மூலக் குறிப்பிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு இதனை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்தது. பழுதான பல்பை அதே வகைப் பல்பால் மாற்றுவது பராமரிப்பே ஆகும். எனினும் எச்சரிக்கை விளக்குகளைத் துண்டிப்பதும் மறைப்பதும், சட்டம் ஒருபுறமிருக்க, ஓட்டுநருக்கே ஊறு விளைவிக்கும்.

லாரிக் கேபின்களுக்கு ஏ.ஐ.எஸ்.-093 என்னும் இந்திய வாகனத் தொழில் தரநிலை உள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய கார், லாரி ஆகியவற்றின் கருவிப் பலகை எஞ்சின் கணினியோடு தரவு இணைப்பால் இணைந்துள்ளது. இத்தகைய வண்டிகளில் வயரை வெட்டி ஒட்டும் பழைய முறை பொருந்தாது. வெளிச்சத்தை அதற்குரிய பட்டியல் வழியாகவே மாற்ற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

வேகமானி
ஒளியுமிழ் இருமுனையம்
துடிப்பு அகல மாற்றம்
விழித்திரை
நாமக்கல் மாவட்டம்